இடப்பக்கத்துப் பிரேக்

காலை மடக்கி வைத்துக்கொண்டால் போதும், இதென்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் செல்வக்கனி அன்று காலை பத்தேகாலுக்குக் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். வலது காலை இழுத்து இடது காலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூட்டினாள். பூட்டின மறு நிமிஷமே கெண்டைக்காலில் ஒரு அரிப்பு, சொறிய வேண்டும்போல. சொறியக் கூடாது, சொறிந்தால் கால் வெளியே வரும், வெளியே வந்தால் அது நேரே அங்கேதான் போகும். அங்கே என்றால் அவளுக்கு முன்னால் தரையில், டிரைவிங் ஸ்கூல் கார்களில் மட்டும் இருக்கிற அந்த இரண்டாவது பிரேக். ஓட்டப் பழகுகிறவர் பக்கத்துப் பிரேக்கோடு கம்பி போட்டு இணைத்தது. இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும், அங்கே மிதித்தால் இங்கேயும் இறங்கும். பதினோரு வருஷமாக இவள் பாதம் பட்டுப் பட்டு இந்தப் பக்கத்து ரப்பரில் வரியெல்லாம் அழிந்து மொழுக்கென்று கிடக்கிறது. அந்தப் பக்கத்து ரப்பரோ கடையில் வாங்கினபடி இருக்கிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான் ஒருநாள், "எக்கா, வண்டி ஓட்டப் படிக்கது அவியளா, நீங்களா?" அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது அப்போது. "கெளம்பலாமா மாஸ்டரம்மா?" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஞானசௌந்தரி. ஐம்பத்திரண்டு வயசு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், முன்னூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை, அந்தக் கை ஸ்டியரிங்கை மட்டும் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கும். இன்றைக்கு இருபத்திரண்டாவது வகுப்பு. கடைசி வகுப்பு. நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். "எப்படி இருக்காவ அந்தம்மா, தேறுவாவளா?" என்று காலையில் ஸ்கூல் முதலாளி கேட்டதற்கு, "நல்லா ஓட்டுதாவ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதுதான் செல்வக்கனிக்கு அது உறைத்தது. நல்லா ஓட்டுதாவ என்று எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தோரு நாளும் பிரேக் பிடித்தது யார்? அவள் காலா, என் காலா? யோசித்துப் பார்த்தாள், படியிலேயே நின்று. தெரியவில்லை. ஒரு தடவைகூட, சத்தியமாக ஒரு தடவைகூட, அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"கெளம்புங்கக்கா." கார் பாளை மார்க்கெட்டைத் தாண்டி சமாதானபுரம் பக்கம் திரும்பியது. கிளச்சை விடும்போது ஒரு குலுக்கல், ஞானசௌந்தரி "ஏசப்பா" என்றாள், அப்புறம் வண்டி ஒழுங்காகப் போனது. செல்வக்கனியின் கால் பின்னால் பூட்டியே இருந்தது, ஆனால் கால் விரல்கள் விரிந்து விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. வெட்கங்கெட்ட கால். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் போகும்போதும் இப்படித்தான், டிரைவர் கொஞ்சம் தாமதித்தால் தரையை மிதிக்கும், பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா "என்னம்மா, கரண்டு பிடிச்சிட்டா?" என்று கேட்டாள். வீட்டில் டிவி பார்க்கையில் அதில் ஒரு கார் வேகமாகப் போனால்கூட மிதிக்கும். போன வருஷத்துக்கு முன்னால் இதெல்லாம் தொழில் பழக்கம், தையல்காரிக்கு விரல் காய்ப்பது மாதிரி. இப்போது அப்படி இல்லை, இப்போது ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அடியில் ஒன்றும் இல்லாமல் வெறும் தரை தட்டுப்படுகிறதே, அந்தத் தட்டுப்படுதல்தான் அவளைக் கொல்லுகிறது. அதை நினைக்காதே. ரோட்டைப் பார். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. "பின்டயரு தரையைத் தொடுத எடம் தெரியுதாக்கா?" "தெரியுது தெரியுது." "எண்ணுங்க." முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்தால், நாம் அதே கம்பத்துக்குப் போய்ச் சேர மூன்று எண்ணிக்கையாவது ஆக வேண்டும், அதற்குள் போய்விட்டால் ஒட்டிப்போகிறோம் என்று அர்த்தம். ஆனால் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணச் சொன்னால் பயத்தில் எல்லோரும் கடகடவென்று எண்ணிவிடுவார்கள். அதனால் ஆளாளுக்கு அவரவர் வாயில் பழகின மூன்று வார்த்தையைக் கொடுப்பாள். ஞானசௌந்தரி உரக்க எண்ணினாள், "சோறு... சாம்பார்... முட்டை." முட்டை சொல்லி முடிக்கும்போது கம்பம் வந்தது. "இருக்கு, எடம் இருக்கு" என்று அவளே சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டாள். போன வருஷம் இவளிடம் படித்த நயினார் எண்ணியது பஸ் ஸ்டாப்புகளை. கண்டக்டர் மாதிரி ராகம் போட்டு, "வண்ணார்பேட்டை... முருகன்குறிச்சி... சமாதானபுரம்..." வேண்டாம். அவனை நினைக்காமல் இந்த ரோட்டில் ஒரு பர்லாங் போக முடியாதா? அவன் பேர் வைத்த ரோடா இது?

ஆறுமுகநயினார் என்று முழுப்பேர், முப்பத்தொரு வயசு, கூட்டுறவு சங்கத்தில் கிளார்க், மாநிறமாக, எதைச் சொன்னாலும் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று தலையாட்டுகிற பிள்ளை. அவனுக்குப் பயமே இல்லை. அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. இருபது நாளில் இப்படி ஓட்டுகிற ஆளைப் பார்த்ததில்லை என்று முதலாளியே சொன்னார். பயப்படுகிறவர்கள் முன்னால் ஒரு சைக்கிள் வந்தாலே எகிறி பிரேக்கை மிதிப்பார்கள், அவர்கள் மிதிப்பது இவள் காலுக்குத் தெரியும், பெடல் தானாகக் கீழே போகும். நயினார் மிதிக்கவே மாட்டான். இவள் கால் முந்திக்கொள்ளும். மெதுவாக, பால் காய்ந்து வரும்போது அடுப்பைக் குறைப்பதுபோல அவள் பாட்டுக்குக் குறைப்பாள், வண்டி அழகாக நிற்கும். "சூப்பர் தம்பி, நல்லாப் பிடிச்சீங்க" என்பாள். அவனும் தான் பிடித்ததாகவே நினைத்துச் சிரிப்பான். ஏன் அப்படிச் சொன்னேன்? எல்லோரும் சொல்வதுதான், எல்லா டிரைவிங் ஸ்கூலிலும், எல்லா மாஸ்டரும் சொல்வதுதான். "ஆளுக்குத் தைரியத்தக் குடுங்க கனி, மிச்சத்த ரோடு சொல்லிக் குடுத்துரும்" என்று முதலாளி முதல்நாளே சொல்லித்தந்த பாடம். டெஸ்ட்டில் காலியான மைதானத்தில் அவன் தானாகவே ஓட்டினான், தானாகவே நிறுத்தினான், தேறினான். அங்கே முன்னால் யாரும் திடீரென்று நிற்கவில்லையே, நிற்கிற இடம் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். மறுநாள் அவனுடைய அம்மா பிரமு அம்மாள் எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டு வந்தாள். குட்டையாக, குங்குமம் இல்லாத நெற்றியில் திருநீறு, காலில் பித்தவெடிப்பு. செல்வக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மவன ஓட்ட வச்சிட்டியே தாயி, இனிமே நான் எங்க போனாலும் அவன் பக்கத்துல ராணி கணக்கா ஒக்காந்து போவேன்" என்றாள். பக்கத்தில். பக்கத்தில் என்றால் இடப்பக்கம். இந்த இடம். நான் உட்கார்ந்திருக்கிற இந்த இடம்.

"மாஸ்டரம்மா, அவிய காலைல சாப்பிடவே இல்ல" என்றாள் ஞானசௌந்தரி, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். அவிய என்றால் அவள் புருஷன் தேவசகாயம். சிறுநீரகம் ரெண்டும் போய்விட்டது, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். முன்பு அவரே ஓட்டின கார் ஷெட்டில் கிடக்கிறது, மகன் மஸ்கட்டில் கிடக்கிறான். "ஆட்டோவுல குலுங்கிக் குலுங்கி வந்தா வழியெல்லாம் வாந்தி. ஊசி குத்தின கையப் பிடிச்சுக்கிட்டு அவிய அழுவாவ பாருங்க... ஆம்பள அழுதா பாக்க முடியலம்மா. அதான், வெள்ளிக்கெழமைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். அதக் கேட்டதுல இருந்து மொகமே வேற மாதிரி இருக்கு. முன்சீட்டுல தலகாணி போட்டு வையி, சாஞ்சுக்கிடுதேன்னு சொல்லுதாவ." முன்சீட்டு. வெள்ளிக்கிழமை இந்த அக்கா இதே ரோட்டில், இரண்டாவது பிரேக் இல்லாத ஒரு காரில், தலையணையில் சாய்ந்த ஒரு நோயாளியை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு போகப் போகிறாள். முன்னால் எவனாவது நிறுத்துவான், நிறுத்தாமல் இருப்பானா, நம் ஊர் ரோடு. அப்போது அந்தக் கால் போய் மிதிக்குமா, இல்லை காத்திருக்குமா? அதைத் தெரிந்துகொள்ள இன்றைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. அதனால்தான் காலை மடக்கினது. மடங்கியே இரு. என்ன நடந்தாலும் மடங்கியே இரு. ஆனால் நிஜமாகவே நடந்துவிட்டால்? காலை மடக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நயினாருக்கு நான்கு நாள். லைசென்ஸ் கையில் வந்து நான்காவது நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாற்கரச் சாலையில், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது. முன்னால் போன லாரி, மீடியனில் திரும்புகிற இடைவெளிக்காக வேகத்தைக் குறைத்து நின்றது. பின்னால் இவன். மழை இல்லை, இருட்டு இல்லை, டயர் வெடிக்கவில்லை. கடைசிக் கணத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்திருக்கிறான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாருக்கும் கை தானாகப் போகும், அது தப்பில்லை. இடப்பக்கம் முழுக்க, அம்மாவோடு, லாரியின் அடியில் போய்விட்டது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும் முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. போகாமல் இருந்திருக்கலாம். மொட்டையடித்த தலையோடு, கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவன், சொந்தக்காரர்கள் டீ குடிக்க வெளியே போனதும் இவளிடம் மட்டும் சொன்னான். "லாரி லைட்டு சிவப்பா எரிஞ்சத நான் பாத்தேங்க்கா. தூரத்துலயே பாத்தேன், நல்லாப் பாத்தேன். நம்ம வண்டி நின்னுரும்னு இருந்தேன். எப்பவும் நின்னுரும்லா." அப்புறம் சின்னப்பிள்ளை கணக்காகக் கேட்டான், "ஏங்க்கா நிக்கல?" அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் பார்த்த ரோடுகளிலெல்லாம் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் தானாக நின்றது. அந்தத் தானாக என்பது இன்னொருத்தியின் கால் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் அவன் கட்டில் பக்கத்தில் ஆப்பிள் பையோடு நின்றுகொண்டு, "தெரியலையே தம்பி" என்றாள். பாவி. படுபாவி. அந்த வார்த்தை எப்படி வந்தது வாயில்? பதினான்கு மாசம் ஆகிறது. அவளைத் தூங்கவிடாதது நயினார்கூட இல்லை. அந்தம்மாவின் கால். பித்தவெடிப்புக் கால். சிவப்பு லைட்டைப் பார்த்திருப்பாளே, அவளும் பார்த்திருப்பாளே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் கால் தானாகப் போகும், அந்தம்மாவும் மிதித்திருப்பாள். தரையில் விரித்த வெறும் ரப்பர் மேட்டை. மிதித்து மிதித்துப் பார்த்திருப்பாள். அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஹாரன் சத்தம். செல்வக்கனி திடுக்கிட்டு, தன் பக்கத்துக்கென்று தனியாக ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு டிப்பர் லாரி, மணல் ஏற்றினது, கண்ணாடி முழுக்க அதன் மூஞ்சி. எப்போது வந்து ஒட்டினான் இவன்? கேடிசி நகர் தாண்டியாகிவிட்டது. கார் நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சிமெண்ட் லாரியைக் காணோம், எங்கோ திரும்பிவிட்டது, அதற்குப் பதிலாக ஒரு மினி பஸ். ஞானசௌந்தரி எண்ணவில்லை, பேசிக்கொண்டிருந்தாள், தலையணைக்கு உறை தைத்ததைப் பற்றி, என்ன கலர் என்பதைப் பற்றி. இடைவெளி சுருங்கியிருந்தது. எண்ணச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அதே நேரம் ரோட்டோரம் குடையை மடக்கி ஒரு ஆள் கையை நீட்டினான், மினி பஸ்காரன் ஓரம் கட்டவில்லை, எந்தக் காலத்தில் அவர்கள் ஓரம் கட்டியிருக்கிறார்கள், நடுரோட்டில் அப்படியே நின்றான். இரண்டு சிவப்பு லைட். அந்தச் சிவப்பைப் பார்த்ததிலிருந்து கார் நின்றது வரை இரண்டு நொடிகூட இருக்காது, ஆனால் செல்வக்கனிக்கு அதற்குள் எவ்வளவோ நடந்தது. மடங்கியே இரு என்றாள் காலிடம். இப்போதுதான் தெரியும், இப்போது தெரிந்தால்தான் உண்டு, இரு, ஒரு கணம் இரு. அவள் மிதிப்பாள். மிதிக்கிறாளா? வலப்பக்கம் பார்க்க ஆசை, பார்க்க முடியவில்லை, கண் சிவப்பிலேயே நின்றது. எகிறி மிதித்தால் பின்னால் இருக்கிற டிப்பர் நம்மை அப்பளமாக்கிவிடும், மணல் ஏற்றினவன் நினைத்த இடத்தில் நிற்க மாட்டான். மிதிக்காவிட்டால் பஸ்ஸுக்கு அடியில். இடப்பக்கம் மண் ஓரம், ஒரு தர்ப்பூசணி வண்டி, வண்டிக்குப் பின்னால் கத்தியும் கையுமாக ஒருத்தி. வலப்பக்கம் எதிரே கார் வருகிறது. பிரேக்கைத் தட்டி விட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும், பின்லைட் ரெண்டு தடவை எரிந்தால் டிப்பர்காரனுக்கு உறைக்கும், வண்டியைக் கொஞ்சம் இடதோரம் ஒதுக்கினால் அவனுக்கு வலப்பக்கம் வழி கிடைக்கும். இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள், நோட்டில் எழுத வைத்திருக்கிறாள். ஞானசௌந்தரியின் பேச்சு நின்றிருந்தது. லாரி லைட்டு சிவப்பா எரிஞ்சத நான் பாத்தேங்க்கா. நல்லாப் பாத்தேன். இரு, இன்னும் கொஞ்சம் இரு. காலி மேட். தலையணை. இரு, சனியனே, இரு. வண்டி மூக்கைக் குத்தியது, விட்டது, மறுபடியும் குத்தியது, பெல்ட் நெஞ்சில் இறுகியது, எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. எதிரே வந்த கார் கடந்ததும் வலப்பக்கம் டிப்பர் காற்றை அறைந்துகொண்டு தாண்டிப் போனது. ஜன்னலிலிருந்து ஒரு குரல், "வீட்டுல சொல்லிட்டு வந்தியாளா?" மினி பஸ்ஸின் பின்ஏணி கார் மூக்குக்கு முன்னால் ஒரு முழத்தில் நின்றது. குடைக்காரன் நிதானமாக ஏறினான். பஸ் போய்விட்டது.

செல்வக்கனி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. கடைசி மட்டும் மிதித்தபடி. எப்போது பூட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தது, யார் வரச் சொன்னது, ஒன்றும் நினைவில்லை. அந்தப் பக்கம் பார்த்தாள். ஞானசௌந்தரியின் காலும் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதுவும் கடைசி மட்டும். "ஏசப்பா, ஏசப்பா, ஏசப்பா" என்றவள் சட்டென்று சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பிடிச்சிட்டேன் பாத்தியளா மாஸ்டரம்மா! ரெண்டு வாட்டி தட்டிப் பிடிச்சிட்டேன்! நீங்க சொன்னாப்புலயே!" எஞ்சினை மறுபடி போட்டு, செல்வக்கனி அழுத்தத்தை மட்டும் தளர்த்த, வண்டியைத் தள்ளாடித் தள்ளாடி ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்த கையோடு போனை எடுத்தாள். "என்னங்க, நாந்தான். ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். மினி பஸ்காரன் ஒருத்தன் நடுரோட்டுல நிறுத்திட்டான், பின்னால லாரி, நானே பிடிச்சேங்க. ஆமா, நானேதான். நீங்க இனி பயப்படாண்டாம்." போனுக்குள் தேவசகாயம் என்னமோ சொன்னார், மெலிந்த குரல், அதைக் கேட்டு இவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செல்வக்கனி கேட்டுக்கொண்டே இருந்தாள். பெடல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததா, என் கால் போய்ச் சேரும்போது? அந்தக் கணத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது, எதிர்ப்பே இல்லாமல், அப்படியென்றால் அவள் முந்திக்கொண்டாள். இல்லை, எதிர்ப்பு இருந்தது, உள்ளங்காலில் இப்போதும் வலிக்கிறதே. அது கடைசியில் அழுத்தினதால் வந்த வலியாக இருக்கும். முதல் தட்டு யாருடையது? முதல் தட்டு அவளுடையது, இரண்டாவது என்னுடையது என்று இருக்குமோ? இல்லை, மாறியா? கம்பிக்குத் தெரியும், கம்பி சொல்லுமா? எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன இருட்டு. நல்லாப் பிடிச்சீங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது, ஒருவேளை நிஜமாகவும் இருக்கலாம். அந்த மனுஷன் இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுவார். நாளைக்கு இவள் தேறுவாள். வெள்ளிக்கிழமை வரும்.

"எக்கா, போனை வச்சிருங்க." ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தாள், முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. "கொஞ்சம் வச்சிருங்க." வைத்தாள். "அது யாரு காலுன்னு எனக்குத் தெரியலக்கா." "எது?" "பிரேக் பிடிச்சது. என் காலும் அதுலதான் இருந்துச்சு. பாருங்க, இன்னும் இருக்கு. நீங்க முந்தியா நான் முந்தியான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னைக்குன்னு இல்ல, இத்தன நாளும் தெரியாது." சிரிப்பு போய்விட்டது. "நாந்தாம்மா பிடிச்சேன்" என்றாள் ஞானசௌந்தரி, மெதுவாக. அப்புறம், "நாந்தானே?" என்றாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது, கழுத்தெல்லாம் சிவந்து, "அத இப்ப ஏன் சொல்லுதீய? அவியகிட்டச் சொல்லிட்டேன்லா? வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறஞ்சு போகும் ஒங்களுக்கு?" அப்போதுதான் செல்வக்கனி சொன்னாள், இத்தனை மாசத்தில் முதல்முதலாக, வாய்விட்டு. நயினாரை, அவன் பார்த்த சிவப்பு லைட்டை, ஆஸ்பத்திரியில் அவன் கேட்டதை, தான் சொன்ன பொய்யை, பிரமு அம்மாளை. கால் தரையை மிதித்திருக்கும் என்று சொல்ல வந்ததை மட்டும் விட்டுவிட்டு, "அந்தம்மா இந்தப் பக்கத்து சீட்டுல இருந்தாவக்கா" என்று முடித்தாள். இவ்வளவு சின்னதா இது, சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தர்ப்பூசணிக்காரி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள், ரெண்டு பொம்பளைகள் காருக்குள் உட்கார்ந்து சண்டை போடுகிறார்களா அழுகிறார்களா என்று.

ஞானசௌந்தரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அப்புறம், "எறங்குங்க" என்றாள். "எக்கா..." "எறங்கிப் பின்னால போயி இருங்க. நீங்க இங்கன இருக்க மட்டும் எங்காலு ஒங்க காலத்தான் பாத்துக்கிட்டிருக்கும்." "அது கூடாதுக்கா, தப்பு, நீங்க எல் போர்டு. போலீஸ் பாத்தா ஸ்கூலையே மூடிருவாவ." "அப்ப இந்தச் சின்ன ரோட்டுல போவோம். இருவதுக்கு மேல போகல. எனக்குத் தெரியணும்மா. நாளைக்கு டெஸ்ட்டுல பாக்க எனக்கு வேண்டாம், வெள்ளிக்கெழமை அவிய உசுர வச்சுப் பாக்கவும் வேண்டாம், இப்பத் தெரியணும்." அவள் சொன்ன தோரணையில் மறுக்க இடமில்லை, சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகளை நிறுத்துகிற குரல் அது. செல்வக்கனி இறங்கினாள். வெயில் சுரீரென்றது, செருப்பு உள்ளேயே கிடந்தது, வெறுங்காலோடு பின்கதவைத் திறந்து ஏறினாள். பதினோரு வருஷத்தில் இந்தக் காரின் பின்சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பெடல் தெரியவில்லை. கையை நீட்டினால் ஸ்டியரிங் எட்டாது. எதுவுமே எட்டாது. எதிரே அவள் எழுந்து வந்த இடப்பக்கத்து சீட் காலியாக இருந்தது, காலியாக இருக்கிறது என்று அவளால் நினைக்க முடியவில்லை.

கார் சர்வீஸ் ரோட்டில் இறங்கிப் போனது. இருபதுகூட இல்லை, பதினைந்து இருக்கும், ஆனால் செல்வக்கனிக்கு அது பறப்பதுபோல இருந்தது. முன்னால் ஒரு லோடு ஆட்டோ, நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினது, ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. வளைவில் லோடு ஆட்டோவுக்கு முன்னால் ஒரு எருமை ரோட்டைக் கடந்தது. சிவப்பு எரிந்தது. சொல்லிவிடலாமா, பிரேக் என்று ஒரு வார்த்தை, கத்தினால் போதும். செல்வக்கனி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலிக் கால்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பயமாக இருந்தது, கடவுளே, எவ்வளவு பயமாக இருந்தது, பக்கத்தில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா, அந்தம்மாவுக்கு எவ்வளவு நேரம் இப்படி இருந்தது? வண்டி நின்றது. குலுங்காமல், ஒரு தட்டு, அப்புறம் ஒரு அழுத்து. லோடு ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கிற அளவுக்கு இடம் கிடந்தது. எருமை அது பாட்டுக்கு நின்று இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. செல்வக்கனி வாயிலிருந்து கையை எடுத்தாள், கையில் பல் பதிந்திருந்தது. நயினார் வீடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், முருகன்குறிச்சியில் இறங்கி ரெண்டாவது தெரு, போய்ச் சொல்ல வேண்டும், சொன்னால் அவன் என்ன செய்வானோ, செய்யட்டும். ஞானசௌந்தரி துள்ளவில்லை, போனை எடுக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "நாளைக்கு டெஸ்ட்டு வேண்டாம்மா" என்றாள். "வெள்ளிக்கெழமை ஆட்டோவுலயே போய்க்கிடுதோம், அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஒரு தடவ நின்னா ஆச்சா? இன்னும் பத்து நாளு அங்கன பின்னாலயே இருங்க." செல்வக்கனி தலையை ஆட்டினாள். ஞானசௌந்தரி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கிளச்சை அழுத்தி முதல் கியரைப் போட்டாள்.